மலாயா திடல்கள் – 14: லால் சிங் எறிந்த பந்து

1932 ஜூன் 25, சனிக்கிழமை. லண்டன் லார்ட்ஸ் திடலில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்துக்கு இறங்கியது. டாஸில் வென்ற இங்கிலாந்துத் தலைவர் டக்ளஸ் ஜார்டின் முதலில் மட்டை பிடிக்கப் போவதாகச் சொன்னார். யாருக்கும் அதில் வியப்பில்லை. தொடக்க ஜோடி ஹெர்பர்ட் சட்கிளிஃபும் பெர்சி ஹோம்ஸும். பத்து நாள் முன்புதான் இவர்கள் இருவரும் யார்க்‌ஷர் அணிக்காக லேட்டன் திடலில் எசெக்ஸ் பந்துவீச்சை ஒரு நாளுக்கும் மேலாக அடித்துத் துவைத்து, முதல் விக்கெட்டுக்கு 555 ரன் சேர்த்து உலகச் சாதனை படைத்திருந்தார்கள். டெஸ்ட் ஆட்டமே அறியாத இந்தியர்களை இவர்கள் என்ன பாடுபடுத்தப் போகிறார்களோ என்று கூட்டம் காத்திருந்தது.

முகமது நிஸார் இருவரையும் ஸ்டம்ப் பறக்க அனுப்பிவைத்தார். சட்கிளிஃப் 3. ஹோம்ஸ் 6. அடுத்து வந்தவர் கென்ட் அணியின் இடக்கை மேதை ஃபிராங்க் உல்லி. அப்போது அவருக்கு வயது 45. ஆனாலும் அவர் மட்டை இன்னும் இளமையாகவே இருந்தது. மறுமுனையில் வாலி ஹேமண்ட். இந்த இருவரும் நிலைத்துவிட்டால் நிஸார் செய்த வேலையெல்லாம் வீண். உல்லி 9 ரன்னில் இருந்தபோது ஒரு பந்தைத் தட்டிவிட்டு ஓடினார்கள். தலைப்பாகை கட்டிய ஓர் இளைஞர் பாய்ந்து வந்து பந்தை அள்ளி எறிந்தார். உல்லி அவுட். இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட்.

அந்த இளைஞர் லால் சிங். வயது 22. பிறந்த ஊர் கோலாலம்பூர்.

ஸ்கோர் அட்டையில் அந்தச் சம்பவம் எப்படிப் பதிவானது தெரியுமா? ‘உல்லி, ரன் அவுட், 9.’ அவ்வளவுதான். சட்கிளிஃப் பெயருக்கு எதிரே நிஸார் பெயர் இருக்கிறது. ஹோம்ஸ் பெயருக்கு எதிரேயும் நிஸார் இருக்கிறார். உல்லியின் பெயருக்கு எதிரே ஆளே இல்லை. அன்றைய வழக்கம் அது. பந்து வீசியவருக்குப் பெயர் உண்டு. பிடித்தவருக்கும், ஸ்டம்ப்பைத் தட்டிய விக்கெட் கீப்பருக்கும் உண்டு. ஓடிப்போய் எடுத்து எறிந்தவருக்கு மட்டும் கிடையாது. அந்த மூன்றாவது விக்கெட் யாரோ காற்றில் செய்ததுபோல் நிற்கிறது.

இந்தத் தொடரில் இதுவரை மட்டையாலோ காலாலோ பேர் வாங்கியவர்களைத்தான் பார்த்தோம். இந்த இதழில் வருபவர் வேறு ரகம். அவர் செய்த மிகப் பெரிய காரியத்தைப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காது. ஃபீல்டிங் என்பது எழுதப்படாத தொழில். எழுதப்படாததற்குக் கூலியும் கிடைப்பதில்லை என்பது லால் சிங் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது.

பினாங்கு வாசகர்கள் சிலர் கேட்கலாம்: கோலாலம்பூர்க்காரருக்கு நம் தொடரில் என்ன வேலை? உண்மையில் நமக்கு அவர் எதிரணி. அன்றைய மலாயாவில் கிரிக்கெட்டின் பெரிய சண்டை நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் நடுவே நடந்தது. பினாங்கும் சிங்கப்பூரும் மலாக்காவும் ஒரு பக்கம். பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் மறு பக்கம். லால் சிங் இரண்டாவது அணியின் ஆள். நம் ஊர் மட்டைக்காரர்கள் அவர் பக்கம் பந்தை அடித்துவிட்டு ரன் எடுக்கலாமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. அந்த உறவு போதும்.

ஜார்ஜ் டவுனில் அந்தக் காலக் கிரிக்கெட் எப்படி இருந்தது என்று பார்க்க இன்றைக்கும் எஸ்பிளனேடுக்குப் போகலாம். ஒரு பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை, எதிர்ப்பக்கம் 1880-களில் எழுந்த டவுன் ஹாலும் 1903-ல் முடிந்த சிட்டி ஹாலும், வடக்கே கடல், நடுவே பாடாங். இந்தப் புல்வெளியில் இனவாரியாகக் கிளப்புகள். பினாங்கு கிரிக்கெட் கிளப் ஐரோப்பியர்களுக்கு. பினாங்கு ரெக்ரியேஷன் கிளப் யூரேசியர்களுக்கு. சீனர்கள் 1892-லேயே தங்களுக்கென்று சைனீஸ் ரெக்ரியேஷன் கிளப் தொடங்கி, வேறு இடத்தில் விக்டோரியா கிரீன் என்று தனித் திடலே அமைத்துக்கொண்டார்கள். கோலாலம்பூரில் யாழ்ப்பாணத் தமிழர்கள் 1914-ல் தமிழர் உடற்பயிற்சிக் கழகத்தைத் தொடங்கினார்கள். ரயில்வேயிலும் கருவூலத்திலும் கணக்கெழுதிய கையோடு மாலையில் மட்டை பிடித்தார்கள். எந்தக் கிளப்பில் யார் சேரலாம் என்பதைத் தோல் நிறம் முடிவு செய்தது. எதிரெதிரே நின்று ஆடுவதற்கு மட்டும் தடையில்லை. காலனி ஆட்சியின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று: ஒருவருடைய மேசையில் உட்கார முடியாது, ஆனால் அவரை ரன் அவுட் ஆக்கலாம்.

மலாயாக் கிரிக்கெட் ஏதோ குமாஸ்தாக்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1927-ல் டெஸ்ட் ஆட்டக்காரர்கள் பலர் அடங்கிய ஆஸ்திரேலிய அணி ஒன்று இங்கே வந்து, கோலாலம்பூரில் மலாயா அணியிடம் 39 ரன் வித்தியாசத்தில் தோற்றுப் போனது. அப்போது லால் சிங்குக்கு 17 வயது. அந்த வெற்றி நடந்த ஊரில் வளர்ந்த பையன் கிரிக்கெட்டைச் சின்ன விஷயமாக நினைத்திருக்க வழியில்லை.

சீக்கியர் இங்கே வந்த கதையும் தனி. 1873-ல் லாருட் ஈயச் சுரங்கச் சண்டையை அடக்க கேப்டன் ஸ்பீடி இந்தியாவிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு வந்ததில் தொடங்கி, தைப்பிங்கின் மலாய் மாநிலக் காவல் படை வரை, துப்பாக்கி பிடிக்கும் வேலை பெரும்பாலும் அவர்களிடம் இருந்தது. நம் ஊரில் பழைய பிரிக் கில்ன் சாலையில் நிற்கும் பெரிய குருத்வாரா அந்தத் தலைமுறை எழுப்பியது. காவலாளியாகவும் போலீஸ்காரராகவும் மாட்டுவண்டிக்காரராகவும் மட்டுமே சீக்கியர்களைப் பார்த்துப் பழகிய மலாயாவுக்கு, தலைப்பாகையோடு வெள்ளைச் சீருடையில் ஓடும் லால் சிங் ஒரு புதிய காட்சி.

1932-ல் இங்கிலாந்து செல்லும் இந்திய அணிக்குத் தேர்வு ஆட்டங்கள் நடந்தன. பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் அதன் பெரிய புரவலர். லால் சிங் மலாயாவிலிருந்து கப்பலேறிப் போனார். அந்தக் கப்பல் பயணத்தை நினைத்தால் வேறொன்றும் கூடவே நினைவுக்கு வருகிறது. ரப்பர் விலை படுத்துவிட்ட ஆண்டுகள் அவை. தோட்டங்களில் வேலை இல்லை. 1930-லிருந்து அரசாங்கமே செலவு ஏற்று, பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களைப் பினாங்குத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கையில் தகரப் பெட்டி, பின்னால் பிள்ளைகள், ஊரில் என்ன காத்திருக்கிறது என்று தெரியாத முகங்கள். வங்காள விரிகுடாவை அதே பருவத்தில் மலாயா இந்தியர் ஒருவர் கிரிக்கெட் மட்டையோடு கடந்தார். இரண்டு பயணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிய வரலாற்றுப் புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் காலம் புரிகிறது.

இந்தியாவிலும் அப்போது அமைதி இல்லை. ஜனவரியில் காந்தியும் மற்றத் தலைவர்களும் சிறைக்குப் போயிருந்தார்கள். தலைவர்கள் உள்ளே இருக்கும்போது விளையாடப் போவதில்லை என்று விஜய் மெர்ச்சன்ட், எல். பி. ஜெய், சம்பக் மேத்தா ஆகிய பம்பாய் ஆட்டக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அணியில் இடங்கள் இருந்தன. லால் சிங் தேர்வானார். இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய முதல் சீக்கியர் என்ற பெயர், பஞ்சாபில் பிறந்த ஒருவருக்குப் போகாமல் கோலாலம்பூர் பையனுக்கு வந்தது.

அணியின் தலைவராகப் போர்பந்தர் மகாராஜாவைப் போட்டிருந்தார்கள். நல்ல மனிதர், ஆட்டம்தான் வராது. அந்தச் சுற்றுப்பயணத்தின் முதல்தர ஆட்டங்களில் அவர் எடுத்தது மொத்தம் 2 ரன். அவருடைய ரன்னைவிட அவர் வைத்திருந்த ரோல்ஸ்-ராய்ஸ் கார்கள் அதிகம் என்று கேலி பேசினார்கள். ஆனால் டெஸ்ட் ஆட்டத்தன்று தான் ஒதுங்கி, சி. கே. நாயுடுவிடம் தலைமையை ஒப்படைத்தார். பதவியைவிட ஆட்டம் பெரிது என்று நினைத்த ராஜாக்கள் அதிகம் இல்லை. இவர் ஒருவர்.

லார்ட்ஸுக்கு வருவோம். 19-க்கு 3 என்ற நிலையிலிருந்து ஜார்டின் தன் அணியை மீட்டார். 79 ரன். லெஸ் ஏம்ஸ் 65. இங்கிலாந்து 259. நிஸார் 5 விக்கெட். வால்டர் ராபின்ஸ் அடித்த பந்தை லால் சிங் பிடித்தார். அது பதிவேட்டில் இருக்கிறது, ஏனென்றால் அது கேட்ச். இந்தியா 189. லால் சிங் 15. அடுத்த இன்னிங்ஸில் இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 275 எடுத்து டிக்ளேர் செய்து, இந்தியாவுக்கு 346 ரன் இலக்கு வைத்தது. நாயுடுவுக்குக் கையில் அடி. நசீர் அலியும் பாலியாவும் காயம். 108-ல் ஆறாவது விக்கெட்டும் ஏழாவது விக்கெட்டும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அந்த நேரத்தில் சேர்ந்தார்கள் அமர் சிங்கும் லால் சிங்கும்.

தோல்வி உறுதியாகிவிட்ட ஆட்டத்தில் சிலர் கதவை மூடிக்கொண்டு நிற்பார்கள். இவர்கள் அடித்தார்கள். நாற்பது நிமிடத்தில் 74 ரன். அமர் சிங் 51 எடுத்து இந்தியாவின் முதல் டெஸ்ட் அரைசதத்தைப் பதிவு செய்தார். லால் சிங் 29. பிறகு வால் சுருண்டது. மொத்தம் 187. 158 ரன் வித்தியாசத்தில் தோல்வி.

அந்தச் சுற்றுப்பயணத்தில் ஒரே டெஸ்ட்தான். லால் சிங்கின் டெஸ்ட் வாழ்க்கையும் அதோடு முடிந்தது. 44 ரன், ஒரு கேட்ச். கணக்குப் புத்தகம் காட்டுவது இவ்வளவுதான்.

உல்லியைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. முதல்தர கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் அல்லாத ஒருவர் ஆயிரம் கேட்சைத் தாண்டியது உலக வரலாற்றில் ஒரே ஒரு முறைதான். அவர்தான் உல்லி. 1,018 கேட்ச். ஃபீல்டிங் என்றால் என்ன என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த ஆள் அன்று அந்தத் திடலில் இல்லை. அவர் இரண்டு விக்கெட் விழுந்த நிலையில், மூச்சுப் பிடித்து ஆட வேண்டிய நேரத்தில், ஒரு ஃபீல்டரைத் தப்பாக எடைபோட்டார் என்றால், லால் சிங் வந்த வேகம் எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும்? இந்தியர்கள் ஓடமாட்டார்கள், குனியமாட்டார்கள் என்ற எண்ணம் அன்றைய இங்கிலாந்தில் இருந்தது. உல்லியும் அப்படி நினைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைய கிரிக்கெட்டில் பெரும்பாலான அணிகளில் ஃபீல்டிங் என்பது மட்டை பிடிக்கும் முறைக்காகக் காத்திருக்கும் நேரம். வயதானவர்களையும் பருமனானவர்களையும் எங்கே ஒளித்து வைப்பது என்பதே தலைவரின் கவலை.

அதே காலத்தில் அமெரிக்காவில் பேஸ்பால் என்ற ஆட்டத்தில் இந்த வேலைக்கு வேறு மரியாதை இருந்தது. அங்கே எல்லைப் பக்கம் நிற்கும் மூவருக்கு அவுட்ஃபீல்டர் என்று பெயர். அவர்களில் ஒருவர் எறிந்த பந்தால் ஓடுகிறவன் அவுட்டானால், எறிந்தவர் பெயரில் ஒரு ‘அசிஸ்ட்’ எழுதப்படும். எல்லா ஆட்டத்திலும், எல்லா ஆண்டும் எழுதுவார்கள். அதனால்தான் டிரிஸ் ஸ்பீக்கர் என்ற அவுட்ஃபீல்டர் 1907-லிருந்து 1928 வரை ஆடிய 22 ஆண்டுகளில் இப்படி 449 அசிஸ்ட் செய்தார் என்று இன்றைக்கும் நம்மால் சொல்ல முடிகிறது. எந்த அவுட்ஃபீல்டரும் அதை எட்டவில்லை.

ஸ்பீக்கர் நடு எல்லையில் நிற்க வேண்டியவர். ஆனால் இரண்டாம் பேஸுக்கு மிக அருகில் வந்து நின்றுகொள்வார். அந்தக் காலத்துப் பந்து மந்தமானது. ஒரே பந்தை நைந்துபோகும்வரை ஆடுவார்கள். அது தூரம் போகாது. குட்டையாக விழும் பந்துகளை ஓடிவந்து பிடித்து, தானே பேஸை மிதித்து, ஓடினவனையும் சேர்த்து அவுட்டாக்கிவிடுவார். தலைக்கு மேலே போகும் பந்துக்கு, மட்டையில் படும் ஓசையைக் கேட்டதுமே முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடுவார். 1920-க்குப் பிறகு பந்தும் விதிகளும் மாறி, நெடுந்தூர அடிகள் வந்ததும் அவுட்ஃபீல்டர்கள் பின்னுக்குப் போனார்கள். அதனால் ஸ்பீக்கரின் அந்த எண் இனி உடையவும் வாய்ப்பில்லை.

இந்த ஸ்பீக்கர் நம் கடலிலும் பயணம் செய்தவர். 1913-14-ல் சிகாகோ வைட் சாக்ஸ், நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற இரண்டு அணிகள் உலகம் சுற்றி ஆட்டம் காட்டக் கிளம்பின. பாஸ்டன் அணியைச் சேர்ந்த ஸ்பீக்கர் அந்தப் பயணத்துக்காக வைட் சாக்ஸ் பக்கம் சேர்ந்துகொண்டார். ஜப்பான், ஹாங்காங், மணிலா, ஆஸ்திரேலியா முடித்து 1914 ஜனவரியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடினார்கள். கெய்ரோ, பாரிஸ் வழியாகப் போய், பிப்ரவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னால் ஆடிவிட்டு ஊர் திரும்பினார்கள். பினாங்குக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

கணக்கு வைத்தார்கள் சரி, காசு கொடுத்தார்களா என்றால், அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஸ்பீக்கர் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர். 1912-லும் 1915-லும் ‘வேர்ல்ட் சீரீஸ்’ தொடரை வென்ற பாஸ்டன் அணியின் தூண். 1916-ல் அணி முதலாளி அவருடைய சம்பளத்தை ஏறக்குறையப் பாதியாக வெட்டப் பார்த்தார். போட்டிக்கு வந்திருந்த ஃபெடரல் லீக் மூடப்பட்டுவிட்டது. இனி எங்கே போவான் என்ற துணிச்சல். ஆனால் சொன்ன காரணம் அது இல்லை. ஸ்பீக்கரின் மட்டைச் சராசரி மூன்று ஆண்டாகக் குறைந்து வருகிறதாம். அந்த மூன்று ஆண்டும் அவர் எறிந்து அவுட்டாக்கியவர்களை முதலாளி எண்ணவில்லை. எண்ணிக்கை புத்தகத்தில் இருந்தது. கூலி பேசும்போது யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. ஸ்பீக்கர் ஒப்பவில்லை. கடைசியில் 55,000 டாலருக்கும் இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் கிளீவ்லாந்துக்கு விற்கப்பட்டார். விற்ற பணத்தில் 10,000 எனக்கு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். 1920-ல் அதே கிளீவ்லாந்து அணியை ஆடிக்கொண்டே வழிநடத்திக் கோப்பையை வென்றார். 1937-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

லால் சிங்குக்குச் சண்டை போட ஒரு முதலாளிகூட இல்லை. மலாயாவில் கிரிக்கெட் ஆடிச் சம்பளம் வாங்க முடியாது. அதிகபட்சம், ஆட்டம் தெரிந்தவன் என்பதால் அரசு அலுவலகத்திலோ ரயில்வேயிலோ ஒரு நாற்காலி கிடைக்கும். இந்தியாவில் மகாராஜாக்கள் இருந்தார்கள். அவர்கள் அரண்மனையில் கிரிக்கெட் ஆட்டக்காரருக்குச் சோறும் பதவியும் உண்டு, ராஜாவின் மனநிலை நன்றாக இருக்கும்வரை. இங்கிலாந்துப் பயணத்துக்குப் பிறகு லால் சிங் அந்த வழியில்தான் போனார். தெற்குப் பஞ்சாப் அணிக்கும் இந்துக்கள் அணிக்கும் முப்பதுகளின் நடுப்பகுதி வரை ஆடினார்.

1933-34 குளிர்காலத்தில் ஜார்டின் தன் அணியோடு இந்தியாவுக்கு வந்தார். பம்பாய், கல்கத்தா, சென்னை என்று மூன்று டெஸ்ட். பம்பாயில் லாலா அமர்நாத் 118 எடுத்து இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். சேப்பாக்கத்தில் சென்னையின் முதல் டெஸ்ட் நடந்தது. மூன்றிலும் லால் சிங் இல்லை. தேர்வுக்குழுவினர் மேசையில் மட்டைச் சராசரி இருந்திருக்கும், விக்கெட் கணக்கு இருந்திருக்கும். லால் சிங்கிடம் இருந்த சரக்குக்கு அந்த மேசையில் தராசு இல்லை. அவர் மட்டைக்காரராக மட்டும் பார்த்தால் நடுத்தரம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதிரணியிடமிருந்து ஓர் ஆட்டத்துக்கு இருபது ரன் பிடுங்கிவைக்கும் ஃபீல்டர் இருபது ரன் கூடுதலாக எடுத்த மட்டைக்காரருக்குச் சமம். இது இன்று பள்ளிப் பையனுக்கும் தெரியும்.

அதே காலத்துச் சென்னையில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஏ. ஜி. ராம் சிங் என்ற சீக்கியர், சென்னையில் வளர்ந்தவர், சென்னை அணியின் நம்பிக்கை நட்சத்திரம். 1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தபோது, எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீச, ராம் சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிந்துபோனது. அந்த ராம் சிங்குக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. பிறகு அவர் மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் டெஸ்ட் ஆடினார்கள். சென்னைச் சீக்கியருக்கு விக்கெட் இருந்தும் டெஸ்ட் இல்லை. கோலாலம்பூர்ச் சீக்கியருக்கு ஒரு டெஸ்ட் கிடைத்தது. இதில் நியாயம் தேடிப் பயனில்லை.

லால் சிங்கின் பிற்கால வாழ்க்கையைப் பற்றிக் கதைகள் பல. பாரிஸில் இரவு விடுதி நடத்தினார் என்பது அவற்றில் மிகவும் சுவையானது. கிரிக்கெட் எழுத்தாளர்கள் விடாமல் சொல்லிவருகிறார்கள். கோலாலம்பூரில் பிறந்து, லார்ட்ஸில் ஓடி, பாட்டியாலாவைப் பார்த்த ஆளுக்குப் பாரிஸ் ஒன்றும் தூரமில்லை என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

கடைசியில் கோலாலம்பூருக்கே திரும்பி வந்தார். சிலாங்கூர் கிளப்பில் திடல் பராமரிப்பாளர் வேலை. பாடாங்கின் புல்லைக் கவனிக்கும் வேலை. நம் மழையில் அது லேசான காரியம் இல்லை. நாள் தவறாமல் பிற்பகலில் கொட்டும் மழையில் புல் கண்மண் தெரியாமல் வளரும், வெட்டி வெட்டி மாளாது. மண் இறுகாவிட்டால் பந்து எழும்பாது, வெளித்திடலில் பள்ளம் விழுந்தால் ஃபீல்டருக்குக் கணுக்கால் போகும். வெளித்திடலின் சமதளம் எவ்வளவு முக்கியம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. அந்தத் திடலில்தான் 1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் யூனியன் ஜாக் இறங்கி மலாயாக் கொடி ஏறியது. இன்று மெர்டேக்கா சதுக்கம் என்று படம் எடுத்துக்கொள்கிறார்களே, அதேதான்.

இது அவருக்கு இறக்கம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. திடல் பராமரிப்பு கிரிக்கெட்டின் உள்வேலை. ஏக்நாத் சோல்கர் பம்பாய் இந்து ஜிம்கானாத் திடல் பராமரிப்பாளரின் மகன். அந்தப் புல்லிலேயே வளர்ந்து, மட்டைக்கு ஒரு கை நீளத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்று, 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தார். 1971-ல் ஓவல் திடலில் நம் வெங்கட்ராகவன் வீசிய பந்தில் ஆலன் நாட்டை அவர் தரையோடு விழுந்து பிடித்த படம் அந்தத் தலைமுறையின் சுவர்களில் ஒட்டப்பட்டது. இந்தியா இங்கிலாந்து மண்ணில் முதன்முதலாக டெஸ்டை வென்றது அந்த ஆட்டத்தில்தான். ஃபீல்டிங்கால் டெஸ்டை வெல்ல முடியும் என்று இந்தியா ஒப்புக்கொள்ள, லால் சிங்கின் எறிதலுக்குப் பிறகு 39 ஆண்டுகள் ஆயின.

லால் சிங் 1985 நவம்பர் 19-ல் கோலாலம்பூரில் காலமானார். இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் 76. இப்போது ஸ்கோர் அட்டைகளில் ரன் அவுட்டுக்கு எதிரே எறிந்தவர் பெயரையும் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். தொலைக்காட்சியில் நான்கு கோணத்தில் காட்டுகிறார்கள். யார் எத்தனை ரன் தடுத்தார் என்று கணினி கூட்டிச் சொல்கிறது. ஐபிஎல் ஏலத்தில் ஃபீல்டிங்குக்கும் சேர்த்தே விலை பேசுகிறார்கள். பழைய அட்டைகளைத் திருத்தும் வேலையிலும் சிலர் இறங்கியிருக்கிறார்கள். 1932 ஜூன் 25-ன் அட்டையில் உல்லிக்கு எதிரே ஒரு பெயர் எழுத வேண்டியிருக்கிறது.

மலாயாவின் கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பற்றி அந்த நாளில் பினாங்கு என்ன பேசியது என்று தெரிந்துகொள்ள ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்ட வேண்டும். முப்பதுகளில் அதன் ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர் யாழ்ப்பாணத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. ஆக்ஸ்போர்டில் படித்தவர், தானே கிரிக்கெட் ஆடியவர். அவருடைய அண்ணன் தம்பிமார்களில் ஒருவரான பாக்கியசோதி இலங்கைக் கிரிக்கெட் வாரியத்தை வழிநடத்தினார். கொழும்பில் சாரா ஓவல் என்று இன்று நாம் சொல்லும் திடல் அவர் பெயரில் இருக்கிறது. மாணிக்கசோதிக்குக் கிடைத்தது வேறு வகையான ஆட்டம். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு பொழிந்தன. ஆங்கிலேயர்கள் இரவோடு இரவாகத் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஊரைக் காக்கப் பொறுப்பில் ஒருவரும் இல்லை. பாடாங்கை அடுத்த கார்ன்வாலிஸ் கோட்டைக் கம்பத்தில் யூனியன் ஜாக் மட்டும் பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும்வரை குண்டு விழும். அதை இறக்கியவர் இந்தப் பத்திரிகை ஆசிரியர்தான். வானொலி வழியாக ஜப்பானியருக்குச் செய்தி அனுப்பி, குண்டுவீச்சை நிறுத்தச் சொன்னவரும் அவரே. அந்த ஒரு வாரத்தில் பினாங்கில் நடந்தது அடுத்த இதழில்.